நடுப் புடவை

எங்கள் அம்மா யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரி பால் அளக்கும்போது செம்பைப் பார்க்கமாட்டாள், படிக்குள் முங்கியிருக்கிற அவள் கட்டை விரலைப் பார்ப்பாள். குருக்கள் கற்பூரத் தட்டை நீட்டினால், எரிவது நாம் கொடுத்த முழுக் கட்டியா, கிள்ளின பாதியா என்று ஒரு நோட்டம் விட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு என் தகப்பனார் ஒரு தீபாவளியன்று, அவள் கேட்காமலே, ஒரு பட்டுப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு வினை வேண்டுமா?

தகப்பனாரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். பிள்ளையார்பாளையத்தில் பட்டறை வைத்திருந்தார். விரல் நகங்களில் எப்போதும் அரக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். குடி, சீட்டு, கூத்து எதுவும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கப்பலுக்கு வழி காட்டக் கடலோரத்தில் விளக்குக் கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்களே, அதன் படங்களைச் சேர்ப்பார். நெருப்புப் பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள், சீமைக் காலண்டர், படக் கார்டு, பிஸ்கட் டப்பா மூடி என்று எதில் விளக்குக் கோபுரம் இருந்தாலும் விடமாட்டார். இளவயதில் சரிகை வாங்கப் பட்டணம் போனவர், பொழுது சாய்கிற நேரம் ஹைகோர்ட்டுக் கட்டடத்தின் உச்சியில் விளக்கு ஏற்றியதைப் பார்த்தாராம். அன்று பிடித்ததுதான்.

காஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள். தாமல் ஏரி நிறைந்து நாலு அலை அடித்தால் அதுதான் எங்களுக்குச் சமுத்திரம். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். நைனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதே பைத்தியம் பிடித்த இன்னும் இரண்டு பேர் அவருக்குச் சிநேகிதம் ஆகியிருந்தார்கள். ஒருவர் பட்டணத்தில் துறைமுகக் குமாஸ்தா, இன்னொருவர் கடலூரில் டிராயிங் வாத்தியார். வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு விளக்கின் அடியில் கூடி, சேர்த்ததைக் காட்டி, மாற்றிக்கொண்டு வருவார்கள்.

அம்மா இதை ஒருநாளும் நம்பினதில்லை. "நெருப்புப் பெட்டி படத்துக்காக எந்த ஆம்பளையாவது ரயில் ஏறுவானாடி? வேற இன்னாமோ இருக்குது," என்பாள்.

அந்தத் தீபாவளிப் புடவை அரக்கு உடல், பச்சைக் கரை. கரையில் சரிகையில் வரிசையாகக் கோபுரம். வழக்கமான கோபுரம் இல்லை, ஒல்லியாக உயர்ந்து, உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கதிர் விரிகிற கோபுரம். விளக்குக் கோபுரம்தான் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அம்மா கரையைப் பார்க்கவில்லை. புடவையின் இரண்டு தலைப்பையும் விரித்து, ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள். அவள் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள்.

"இது நடுப் புடவைடி," என்றாள், நைனா வெளியே போனதும்.

"அப்படின்னா இன்னாம்மா?"

"தறியில நீளவாக்குல ஒரு பாவு நூல் போட்டா மூணு புடவை நெய்வாங்க. இது முதல் புடவையா இருந்தா, ஓரத்துல பழைய பாவோட பிணைச்ச முடிச்சு தட்டும். கடைசிப் புடவையா இருந்தா, நெசவு தளர்ந்துக்கினு வரும். இதுல ரெண்டும் இல்ல. அப்ப இதுக்கு முன்னால ஒண்ணு இருக்குது, பின்னால ஒண்ணு இருக்குது. அது ரெண்டும் எவ இடுப்புல இருக்குது?"

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அம்மா விசாரணையைத் தொடங்கினாள். முதலில் நைனாவைக் கேட்டாள். அவர், "எந்த ரெண்டு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, சோற்றை வேகமாகப் பிசைந்தார். அடுத்து, நெய்தவர் வீட்டுக்கு மாவு இரவல் கேட்கிற சாக்கில் போனாள். "மூணும் அறுத்துக் குடுத்தேன்மா, ஐயாவே வந்து எடுத்துக்கினு போனாரு," என்றார் அவர். சொந்தமாகப் பாவு போடுகிறவர்கள் முதல் புடவையைச் சாமிக்குச் சாத்துவது எங்கள் தெரு வழக்கம். அதனால் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்க் குருக்களிடமும் கேட்டாள். அப்படி எந்தப் புடவையும் வரவில்லை என்றார். சாமிக்கும் போகவில்லை என்றால் பிறகு யாருக்கு?

அந்த வருஷம் முழுக்க அம்மா எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை, கரையைத்தான் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போனால் மாலை மாற்றுகிற நேரத்தில் அவள் பார்வை வந்தவர்களின் கணுக்காலில் இருக்கும். வைகாசி கருட சேவைக்கு ஊரே கோபுர வாசலை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா தலையைக் குனிந்தபடி கூட்டத்தை வகிர்ந்துகொண்டு போனாள். கூட இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நைனா அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் நம்பினேன். ஆனால் அம்மா விரலால் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் நைனா ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். இந்தத் தடவை மாமல்லபுரத்து விளக்கடியில் கூடுகிறார்களாம். எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று பேச்சாம். வாடகை மோட்டார் சொல்லியாகிவிட்டதாம்.

"பாத்தியாம்மா? தப்பு பண்றவங்க வீட்டு ஆளுங்களைக் கூட்டிக்கினு போவாங்களா?" என்றேன் அம்மாவிடம்.

"ரொம்பத் தப்பு பண்றவங்கதான் கூட்டிக்கினு போவாங்க," என்றாள்.

புறப்படுகிற காலையில் அவள் அந்த அரக்குப் புடவையையே கட்டிக்கொண்டாள். ஒருநாள் பயணத்துக்கு ஒரு தகரப் பெட்டியையும் நிரப்பினாள். அவள் துணி, என் துணி, அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் குங்குமச் சிமிழ். பூட்டைப் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கரையை இன்னொருத்தி இடுப்புல பாத்தேன்னு வெச்சுக்கோ, திரும்பற வழியில செங்கல்பட்டுல மாமா வீட்டுல நீயும் நானும் இறங்கிடறோம். அப்புறம் காஞ்சிபுரம் கிடையாது. அழக்கூடாது, இன்னா?"

சரி என்று தலையாட்டினேன். பெட்டியைப் பார்த்த நைனா, "இது எதுக்கு?" என்றார். "மழை வந்தா மாத்திக்கத்தான்," என்றாள் அம்மா. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மோட்டாரில் அதுதான் எனக்கு முதல் பயணம். மற்றப் பிள்ளைகளாக இருந்தால் குதித்திருக்கும். நான் முன்னால் உட்கார்ந்திருக்கிற நைனாவின் கழுத்தையும், பக்கத்தில் விறைத்து உட்கார்ந்திருக்கிற அம்மாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஐயம்பேட்டையில் கிணற்றடியில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு அவ?" என்றாள் அம்மா.

"எனக்கு எப்படித் தெரியும்? மோட்டாரைப் பாத்துச் சிரிக்குது," என்றார் நைனா.

"மோட்டாருக்கு இன்னா, பல்லா இருக்குது, சிரிச்சுக் காட்ட?"

டிரைவர் கனைத்துக்கொண்டார். வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் தாண்டினோம். ரோடு கால்வாய்க் கரையோடு முடிந்தது. மோட்டாரையும் பெட்டியையும் டிரைவரிடம் விட்டுவிட்டு, ஓடத்தில் அக்கரை போய், மணலில் நடந்தோம். கடல் தெரிந்தது. முதல்முதலாகக் கடலைப் பார்க்கிறவள் நான், ஆனால் கண் அதில் நிற்கவில்லை. பாறைமேல் விளக்குக் கோபுரம் நின்றது. அதன் அடியில் பாய் விரித்து இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நைனாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். உடனே மடியிலிருந்தும் பையிலிருந்தும் லேபிள்களும் டப்பா மூடிகளும் வெளியே வந்தன. மூன்று பெரிய மனிதர்கள் மண்டியிட்டு, "இது எந்த ஊரு? இந்த விளக்கு சிவப்பா, வெள்ளையா?" என்று சண்டை போட்டார்கள். நைனா சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அம்மா என் கையைக் கிள்ளினாள்.

பாறை நிழலிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்துகொண்டிருந்தாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். வெற்றிலை போட்ட வாய், காதில் ஜிமிக்கி. அரக்குப் புடவை, பச்சைக் கரை. கரையில் ஒல்லிக் கோபுரம், உச்சியில் கதிர்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு நேராக அந்தப் பெண்ணின் எதிரே போய் நின்றாள். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"இந்தப் புடவை உனக்கு ஏது?"

அந்தப் பெண்ணின் கண்ணும் அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"அதைத்தான்மா நான் உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்," என்றாள். "என் வீட்டுக்காரரு கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு முழம் ரவிக்கைத் துணி எடுத்துக் குடுத்தவரு இல்ல. திடீர்னு பட்டுப் புடவை குடுக்கறாரு. எவளுக்கோ எடுத்துட்டு, மனசு குத்தி, எனக்கும் ஒண்ணு எடுத்திருக்காருன்னு நெனைச்சேன். இப்ப நீ அதே புடவையில வந்து நிக்கறே."

"உன் வீட்டுக்காரரு யாரு?"

அவள் துறைமுகக் குமாஸ்தாவைக் காட்டினாள். அம்மா நைனாவைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அம்மா யாரைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தாளோ, அவள் பட்டணத்தில் உட்கார்ந்து அம்மாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா மெதுவாக அவள் முந்தானையை எடுத்து ஓரத்தை நெருடினாள்.

"இது கடைசிப் புடவை," என்றாள்.

குமாஸ்தாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மனிதர் வெலவெலத்துப்போய்ச் சொன்னார். நைனாவும் அவரும் சேர்ந்துதான் அந்தப் பாவைப் போடச் சொன்னார்களாம். வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் கோபம் தணிவார்கள் என்று ஆளுக்கு ஒரு புடவையாம்.

"ஆளுக்கு ஒண்ணுன்னா ரெண்டு. பாவுல மூணு. முதல் புடவை எங்கே?" என்றாள் அம்மா.

குமாஸ்தா நைனாவைப் பார்த்தார். நைனா கடலைப் பார்த்தார்.

ஆறின கோபம் திரும்ப மூண்டுவிட்டது. இந்தத் தடவை குமாஸ்தா வீட்டு அம்மாளும் சேர்ந்துகொண்டாள். பாக்கி இருந்த பெண் கடலூர் வாத்தியாரின் வயதான தாயார் ஒருத்திதான். அந்த அம்மாள் வெள்ளை நூல் புடவையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் இரண்டு பேரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அதற்குள் விளக்கைப் பார்த்துக்கொள்கிறவர் இறங்கி வந்து, மேலே ஏறிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார். நைனா அவசரமாக அம்மா பக்கம் திரும்பினார்.

"நீ ஏற வேணாம்மே. படி செங்குத்தா இருக்குது. மூச்சு வாங்கும்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மா பாயிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"மேல இன்னா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். குமாஸ்தா வீட்டு அம்மாள் பின்னாலேயே, அவளுக்குப் பின்னால் நான். சுற்றிச் சுற்றிப் போகிற இருட்டுப் படி. அம்மா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேலே யாரோ ஒருத்தியை ஒளித்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு விளக்கு. விளக்கைச் சுற்றி, கம்பியில் கோத்துத் திரை தொங்கியது. அரக்குத் திரை. பச்சைக் கரை.

"தொடாதீங்கம்மா," என்றார் விளக்குக்காரர், படியேறி வந்தபடி. "பகல்ல திரை போட்டே வெச்சிருக்கணும். இல்லாட்டி விளக்குக் கண்ணாடியில வெய்யில் பட்டு, எதையாவது கொளுத்திடும். பழைய துணி நைஞ்சு போச்சு. காஞ்சிபுரத்து ஐயா இதைக் கொண்டாந்து குடுத்தாரு. தட்டுல பூ, தேங்கா, வெத்தலை பாக்கு எல்லாம் வெச்சு, அம்மனுக்குச் சாத்தற மாதிரி குடுத்தாரு. வாங்கறதுக்கு எனக்கே கூச்சமா போச்சு."

அம்மா அவர் சொன்னதைக் கேட்கவில்லை, தொட்டாள். திரையின் ஓரத்தைப் பிடித்து விரலால் நெருடினாள். முடிச்சுகள் தட்டின. நான் பக்கத்தில் நின்றேன், அவள் விரல் ஒவ்வொரு முடிச்சிலும் நின்று நகர்ந்ததைப் பார்த்தேன். முதல் புடவை.

குமாஸ்தா வீட்டு அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமாட்டாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. நிம்மதியா, அவமானமா, ஆத்திரமா என்று கேட்டால் எல்லாமும்தான்.

"பொம்பளையா இருந்தா மயிரைப் பிடிச்சு இழுத்திருப்பேன்," என்றாள் திரையைப் பார்த்து. "உன்னை இன்னா பண்றது?"

மூச்சு வாங்க நைனா வந்து சேர்ந்தார். அம்மாவின் கையில் திரை இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ராத்திரி பூரா முழிச்சிக்கினு நிக்குது," என்றார், தரையைப் பார்த்தபடி. "முன்ன பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் வழி காட்டுது. கோயில்ல சாத்தறோம் இல்ல? அந்த மாதிரிதான். சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லல."

"ஒரு வருஷமா நான் சிரிச்சதைப் பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

அம்மா திரையின் மடிப்புகளை ஒரு தடவை நீவிச் சரிசெய்துவிட்டு, அவரைத் தாண்டிக்கொண்டு இறங்கிப்போனாள். கீழே, கொண்டுவந்திருந்த இட்லியை எல்லோருக்கும் பரிமாறினாள். டிராயிங் வாத்தியாருக்கு மூன்றாம் தடவை வைத்த பிறகுதான் நைனாவின் இலைக்கு வந்தாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பும்போது செங்கல்பட்டில் டிரைவர் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் மாமா வீடு. அம்மா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் நைனாவிடம். "பாவு போடும்போது யாரை நெனைச்சுப் போட்டீங்க? என்னை நெனைச்சா, அதை நெனைச்சா?"

பெட்டி எதற்கு என்று நைனாவுக்கு அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உன்னை நினைத்துத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடு நைனா, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் தன் சிவந்த நகங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அதை நெனைச்சுதான்," என்றார். "விளக்குக்குன்னுதான் பாவு போட்டேன். பாவுல மிச்சம் இருந்துச்சு. அதான் உனக்கும் அவங்களுக்கும்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதெல்லாம் மறந்துபோயிற்று. அம்மா அவர் முகத்தையே, பால்காரியின் விரலைப் பார்க்கிற மாதிரி, வெகு நேரம் பார்த்தாள். பிறகு கைப்பிடியை விட்டாள்.

"எனக்காகன்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா இறங்கியிருப்பேன்," என்றாள். டிரைவர் பக்கம் திரும்பி, "தண்ணி ஊத்தியாச்சு இல்ல? எடுப்பா," என்றாள்.

நைனா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மோட்டார் வாலாஜாபாத்தைத் தாண்டியது. ஐயம்பேட்டைக் கிணற்றடியில் இப்போது யாரும் இல்லை. அம்மா அதையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருஷம் எந்த ஊரு விளக்கு?"

"இன்னும் பேசல. பழவேற்காடுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க," என்றார் நைனா, பயந்துகொண்டே.

"அங்க திரை எப்படி இருக்குது, நல்லா இருக்குதா?"

"தெரியலையே."

"பாவு போடறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றாள் அம்மா. "இந்தத் தடவை முதல் புடவை எனக்கு. அது நடுப் புடவையைக் கட்டிக்கட்டும்."